தொடங்கி முடித்த ஒரே கட்டடம்

“இப்பெரும்போகத்தில் நமது தொகுதியில் நடப்பட்ட அடிக்கற்களில் ஒன்றும் முளைக்கவில்லை. விதை பிழையா, நிலம் பிழையா என்று அதிகாரிகள் ஆராய்ந்து வருகின்றனர். சென்ற சிறுபோகத்தில் நட்ட கற்களில் பாசி பிடித்திருப்பதால் மக்கள் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை என்று கௌரவ உறுப்பினர் தெரிவித்தார்.”

இதை டைப் அடித்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கீபோர்டில் கையை வைத்தபடியே குலுங்கினேன். எழுதியவர் பக்கத்துக் கதிரையில் இருந்து திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

“‘ஆராய்ந்து’வில ‘ய்’யன்னாவ உட்டிட்டீங்க புள்ள,” என்றார்.

அவரை நான் முதலில் கண்டது அப்படித்தான். அப்போது நான் கல்முனைக் கடைத்தெருவில் ஓர் அச்சகத்தில் டைப் அடிக்கிற வேலையில் இருந்தேன். மருதமுனையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து மஃரிப் தொழுகைக்கு முன் வீட்டுக்குப் போய்விடுவேன். கலியாணக் காட், மரண அறிவித்தல், ரியூசன் நோட்டீஸ், தேர்தல் வந்தால் போஸ்டர், இவ்வளவுதான் எங்கள் வேலை. இவற்றுக்கு நடுவில் மாதத்துக்கு ஒருமுறை, ஊரில் ஏதாவது திறப்புவிழா நடந்தால் அதற்கு முன்னதாகவே, அவர் ஒரு பழைய பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். அதற்குள் இருக்கும் தாள்கள்தான் ‘கொட்டாவி’. இரண்டு பக்கமும் அச்சடித்த ஒற்றைத் தாள். தேத்தண்ணிக் கடை, சலூன், பஸ் நிலையம் என்று எல்லா இடமும் போகும். ஏன் இந்தப் பெயர் என்று கேட்டேன்.

“கூட்டத்துல ஒருத்தன் கொட்டாவி உட்டா பக்கத்துல இரிக்கிறவனுக்கும் வரும். மறுகா அவனுக்குப் பக்கத்துல இரிக்கிறவனுக்கும் வரும். மேடையில நிக்கிறவருக்கு அதத் தடுக்க ஏலாது. அதான்.”

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. கொட்டாவியில் அவர் யாருடைய பெயரும் போட்டதில்லை. “பேரு போட்டா அந்த ஆளுக்கு மட்டும்தான் கோவம் வரும். போடாட்டி இன்னும் பத்துப் பேருக்கு வரும்,” என்பார். எனக்கு அவர் ‘சேர்’. நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்கும் ஓடாத வாய்க்காலுக்கும் ஒரே மாதிரி அறிக்கை எழுதிப் பழகிய கை. கொட்டாவிக்கு அந்த அறிக்கை நடையை அப்படியே கொண்டுவந்தார். மரண அறிவித்தலுக்கு நாங்கள் பாவிக்கிற எழுத்துத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பார். பூப்போட்ட எழுத்து எதையாவது காட்டினால் முகத்தைச் சுளிப்பார்.

ஒருநாள் ஒரு வசனத்தின் முடிவில் நான் சும்மா ஓர் ஆச்சரியக்குறி போட்டுவிட்டேன். அவர் எழும்பி நின்றுவிட்டார்.

“இது ஆர் போட்ட?”

“நான்தான் சேர். நல்ல பகிடியெல்லா?”

“நல்ல பகிடியெண்டா அவனுக்கு வெளங்கும். வெளங்காட்டி உடுங்க. சிரிக்கச் சொல்லி விலாவுல இடிக்கிற வேல நமக்கு வேணாம்.”

அன்றிலிருந்து இன்றுவரை நான் எழுதுகிற எதிலும் ஆச்சரியக்குறி போட்டதில்லை. கலியாணக் காட்டில்கூட “வருக வருக” என்பதோடு நிறுத்திவிடுவேன்.

எங்கள் முதலாளி ஹாஜியார் அவரைக் கண்டால் தெருவை எட்டிப் பார்ப்பார், யாராவது கவனிக்கிறார்களா என்று. எம்பியின் போஸ்டரும் எங்கள் அச்சகத்தில்தான் அடிபடும். காலையில் மெசினிலிருந்து எம்பி சிரித்த முகத்தோடு வெளியே வருவார், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அதே மெசினிலிருந்து கொட்டாவி வரும். “ரெண்டும் காயும் மட்டும் பக்கத்துல பக்கத்துல வெக்காதீங்க புள்ள,” என்று என்னிடம் கெஞ்சுவார். ஒட்டிக்கொண்டுவிடும் என்ற பயம் அவருக்கு.

சேர் ஒன்றையும் கற்பனையாக எழுதியதில்லை. அதுதான் அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது. அடிக்கல் நாட்டு விழா எங்கே நடந்தாலும் போவார். முன்வரிசையில் குடையோடு இருந்து கடைசிவரை கேட்பார். கை தட்டவேண்டிய இடத்தில் ஒழுங்காகத் தட்டுவார். ஒரு வருடம் கழிந்தபின் சைக்கிளை எடுத்துக்கொண்டோ பஸ் ஏறியோ அதே இடத்துக்குப் போய்க் கல்லைச் சுகம் விசாரித்துவிட்டு வருவார். கடல் வந்து ஊரைக் கொண்டுபோன பிறகு எங்கள் பக்கம் கல் இல்லாத சந்தியே கிடையாது, அதனால் அவருக்கு நல்ல அலைச்சல்.

வரிப்பத்தான்சேனையில் ஒரு வாசிகசாலைக்கு நட்ட கல்லைப் பார்க்கப் போனபோது அதில் ஒரு பெண் தன் ஆட்டைக் கட்டியிருந்தாளாம். சேர் மரியாதையாகக் கேட்டிருக்கிறார்.

“புள்ள, இந்தக் கல்லு எப்பிடி, பிரயோசனமா இரிக்கா?”

“நல்ல பிரயோசனம் சேர். ஆனா ஒரு கல்லு பத்தாது. ஆடு குட்டி போட்டிரிக்கி. எம்பியக் கண்டா இன்னொரு கல்லு நடச் சொல்லுங்க.”

அடுத்த கொட்டாவியில் இது அப்படியே வந்தது. தலைப்பு: ‘வாசிகசாலையில் இடநெருக்கடி’. ஒரு சொல்கூட அவர் கூட்டவில்லை. என்னிடம் சொல்லும்போதும் அந்த ஆட்டுக்கு என்ன நிறம் என்பதில்தான் கவனமாக இருந்தார்.

இனி எம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எம்பி அவருக்கு மச்சான். மனைவியின் சொந்தக் காக்கா, கூடப்பிறந்த அண்ணன். அது தெரியவந்த நாளில் நான் வாயைப் பிளந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்து வழமை தெரியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இங்கே கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுடையது. வாப்பா கட்டிக் கொடுப்பார், வாப்பா இல்லாவிட்டால் காக்காமார். தங்கச்சிக்கு வீடு கட்டி முடிக்காமல் தனக்குக் கலியாணம் பேசுகிற காக்காவை ஊர் மதிக்காது. எம்பி, எம்பியாவதற்கு வெகுகாலம் முன்னால், வாப்பா இல்லாத வீட்டில் மூத்த ஆண்பிள்ளை. சவூதிக்குப் போய்ப் பாலைவனத்தில் றோட்டு வேலை செய்துதான் தங்கச்சிக்கு வீடு கட்டினார். தலை முன்பக்கம் வழுக்கை விழுந்த பிறகுதான் தான் கலியாணம் முடித்தார். அந்த வீட்டில் இருந்துகொண்டுதான் சேர் கொட்டாவி எழுதினார்.

அவர் மனைவியை நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவேன். கொட்டாவியின் முதல் வாசகி அவர்தான். புரூப் அவரிடம் போய்த்தான் திரும்பி வரும். பென்சிலால் எழுத்துப் பிழை திருத்தியிருப்பார். நன்றாக இல்லாத பகிடிக்குப் பக்கத்தில் ‘ம்’ என்று எழுதியிருப்பார். ‘ம்’ விழுந்த பகிடியைச் சேர் மறுபேச்சின்றி எடுத்துவிடுவார்.

எம்பி ஊரில் நின்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தங்கச்சி வீட்டில்தான் பகல் சாப்பாடு. வாகனத்தையும் ஆட்களையும் முன்னுக்கே நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே போவார். மச்சானும் மச்சானும் ஒரே சஹனில், ஒரு பெரிய தட்டில், சேர்ந்து சாப்பிடுவார்கள். அந்தச் சாப்பாட்டு நேரத்தில் அரசியல் பேச ராத்தா விடமாட்டார். ஆனாலும் எம்பி சாடையாக ஒன்று சொல்வாராம். ஒருமுறை எம்பிக்குப் பாராட்டு விழா நடந்தது. வாழ்த்துமடல் எழுத நல்ல தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று செயலாளர் தேடிப் போய்ச் சேரிடமே கொடுத்துவிட்டார். சேர் எழுதிக் கொடுத்தார். “தங்கள் கைபட்ட காரியம் அப்படியே நிற்கும். தங்கள் சேவையை மக்கள் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.” மேடையில் ஒரு பாடசாலை அதிபர் அதை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தபோது முன்வரிசையில் பலருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. மடலைக் கண்ணாடி போட்டு எம்பியின் கந்தோரில் மாட்டினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சோற்றில் கை வைத்துக்கொண்டு எம்பி சொன்னாராம், “மச்சான், ‘அப்படியே நிற்கும்’ எண்டது நல்லம்.”

“அப்ப ஏன் மாட்டி வெச்சிரிக்கீங்க?” என்று ராத்தா கேட்டார்.

“கழட்டினா வெளங்கிட்டு எண்டு ஆகிடுமே.”

இதை ராத்தா என்னிடம் சொல்லும்போது காக்காவை நினைத்துப் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கும் அன்றுதான் எம்பிமேல் கொஞ்சம் பிரியம் வந்தது, வாக்குப் போடுகிற அளவுக்கு இல்லாவிட்டாலும்.

பிறகு ஒரு தேர்தல் வந்தது. எம்பிக்கு இந்தமுறை கஷ்டம் என்று ஊர் கதைத்தது. சேர் ஒருநாள் வழக்கத்துக்கு மாறாக வேகமாக நடந்துவந்து ஒரு தாளை என் முன்னால் வைத்தார்.

“அறிவித்தல். கௌரவ உறுப்பினர் தமது வாழ்நாளில் தொடங்கி முடித்த ஒரே கட்டடம் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டுள்ளது. இடம்: அவரது தங்கையின் வீடு. நேரம்: அஸருக்குப் பின். சுவர், கூரை, கதவு, ஜன்னல் ஆகிய யாவும் ஒரே கட்டடத்தில் அமைந்திருப்பதை நேரில் காணலாம். செருப்பை வாசலில் கழற்றவும். தேநீர் வழங்கப்படும்.”

நான் சிரித்துக் களைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் ஹாஜியார் எனக்குப் பின்னால் நின்று வாசித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கொட்டாவிக்குச் சிரித்ததை நான் கண்டது அந்த ஒரு தடவைதான். சேர் வாழ்நாளில் எழுதியவற்றில் அதுதான் மிகத் திறமானது என்று இன்றைக்கும் சொல்வேன். அவருக்கும் அது தெரியும். புரூப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இருக்கிறதா என்று பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார்.

அடுத்தநாள் புரூப்பைக் கொண்டுவந்தது ராத்தா. அவர் அச்சகத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. சேர் பின்னால் குடையைப் பிடித்தபடி வந்தார். ராத்தா தாளை மேசையில் வைத்தார். அதில் ‘ம்’ இல்லை, பென்சில் கோடு ஒன்றும் இல்லை.

“இத அடிக்கிறதா?” என்று எங்கள் எல்லாருக்கும் முன்னால் அவரிடம் கேட்டார்.

“நல்லா வந்திரிக்கி எண்டு நெனைக்கன்,” என்றார் சேர்.

“நல்லாத்தான் வந்திரிக்கி. காக்காட பேச்சுக்குச் சிரிங்க, கல்லுக்குச் சிரிங்க, நானும் சிரிக்கன். அவர் அந்த வெயிலுக்க நிண்டு கட்டின ஊட்டுக்கு ஊர்ல ஒருத்தரும் சிரிக்கக் கூடா.”

“நான் ஊட்டுக்குச் சிரிக்கல்ல. முடிச்ச கட்டடம் எண்டுதானே எழுதியிரிக்கன். அது புகழ்ச்சி.”

“அப்ப அடிங்க. அடிச்சிப்போட்டு வேற ஊடு பாருங்க. இந்தத் தொகுதியில முடிஞ்ச கட்டடம் ஒண்டுமில்லையெண்டு நீங்கதானே எழுதுறீங்க. எங்க போய்ப் படுக்கப் போறீங்க?”

ஹாஜியார் மெசின் அறைக்குள் ஓடிவிட்டார். எங்கள் பக்கத்தில் இது வெறும் பேச்சில்லை. வீடு பெண்ணுடையது, பிரிவென்றால் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போவது ஆண்தான். எந்தப் பேச்சுக்கும் மறுபேச்சு வைத்திருந்த சேர் குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டு நின்றார்.

“இத எடுத்திடுங்க புள்ள,” என்றார் கடைசியில்.

எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு பாலத்தைப் பற்றிய பகிடி போனது. ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. நல்ல பகிடி ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு அவரால் இருக்க முடியாது. எழுதக் கூடாது என்றுதான் ராத்தா சொன்னார், சொல்லக் கூடாது என்று சொல்லவில்லையே என்று தனக்குத்தானே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டு, தேத்தண்ணிக் கடையில் ஒரேயொரு கூட்டாளியிடம் அதே வறண்ட முகத்தோடு சொல்லியிருக்கிறார். அந்தக் கூட்டாளி பிளேன்டீயைக் கக்கிவிட்டான். பிறகென்ன, இரவு இஷாத் தொழுகைக்கு முன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஊர் சிரித்ததோடு நின்றிருந்தால் ராத்தா மன்னித்திருப்பார். எதிர்க்கட்சி மேடைக்கு அது போனது. அங்கே அது பகிடியாக இல்லை. “தங்கச்சிக்கு மாளிக கட்டினவர் ஊருக்கு என்ன கட்டினார்? அது ஆருட காசு? கேக்கணுமா இல்லையா?” என்று ஒருவர் கத்த, கூட்டம் “கேக்கணும்” என்று கத்தியது. எம்பி சவூதியில் தார் ஊற்றிய காலத்தில் கட்டிய வீடு ஊர்க்காசில் கட்டியதாக மாறிவிட்டது. வீட்டைக் கடந்து போகிற மோட்டார் சைக்கிள்கள் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. ராத்தா முன்கதவைப் பூட்டிவைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை எம்பி சாப்பிட வரவில்லை. ஊரில்தான் நின்றார். ராத்தா சஹனில் சோறு போட்டு மூடிவைத்துக் காத்திருந்துவிட்டு, கடைசியில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாராம். அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர் வரவில்லை.

“காக்கா இனி இந்த வாசல மிதிக்கமாட்டார்,” என்று ராத்தா சொன்னதைச் சேர் என்னிடம் வந்து சொன்னார். அவர் கண்கள் சிவந்திருந்தன. “எனக்கு அவ ஏசினாப் பரவால்ல. ஏசுறா இல்ல புள்ள.”

அன்று அவர் கொண்டுவந்திருந்த தாளில் பகிடி ஒன்றும் இல்லை. அந்த வீடு எப்போது, எப்படி, யாருடைய உழைப்பில் கட்டப்பட்டது என்று வரிவரியாக எழுதியிருந்தார். தான் சொன்ன பகிடியைப் பிறர் பொய்யாக்கிவிட்டார்கள் என்றும், மச்சான் நட்ட கல்லுக்குத் தான் சிரித்தது உண்மை, மச்சான் கட்டிய வீட்டுக்குச் சிரிக்க யாருக்கும் உரிமையில்லை என்றும் எழுதியிருந்தார்.

“சேர், ஆக்கள் இதையும் பகிடியெண்டு நெனச்சிட்டா?”

அவர் மேலே ஒரு தலைப்புப் போடச் சொன்னார்: ‘இது பகிடியல்ல’.

இது எங்கே போய் முடியும் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஊரார் கொட்டாவியைத் தெரியாதவர்களா என்ன. தாள் தேத்தண்ணிக் கடைக்குப் போய்ச் சேர்ந்த அரைமணிநேரத்தில் கல்முனைக் கடைத்தெரு முழுக்கச் சிரிப்பு. “இது பகிடியல்லயாம், வேர்வையில கட்டினதாம், என்ன மாதிரி அடிச்சிரிக்கார் பாரு மச்சானுக்கு” என்று ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். இன்னும் பிரதி வேண்டும் என்று ஆட்கள் அச்சகத்துக்கு வந்துவிட்டார்கள். கொட்டாவி அவ்வளவு போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் வாசலில் நின்று, “உண்மையாத்தான் எழுதியிரிக்கார்” என்று சொன்னேன். என்னையும் கெட்டிக்காரி என்றார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் ராத்தாவிடமிருந்து போன் வந்தது.

“வேலயில்லாட்டி வாங்க புள்ள. இவர் பள்ளியில கதைக்கப் போறாராம். எனக்குத் தனிய இரிந்து கேக்கேலா.”

போனேன். பெண்கள் ஜும்ஆவுக்குப் போகாவிட்டாலும் பள்ளி ஸ்பீக்கர் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். குசினி வாசலில் இருவரும் பாய் விரித்து இருந்தோம். அடுப்பில் இறைச்சி கொதித்தது. தொழுகை முடிந்தது. பள்ளி நிர்வாகத்து நம்பிக்கையாளர் ஒருவர், “இவர் ரெண்டு வார்த்த கதைக்கணுமாம், எலக்சன் கத வேணாம் எண்டு சொல்லியிரிக்கம்” என்று மைக்கைக் கொடுத்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும்,” என்றது சேரின் குரல். “எலக்சன் கத இல்ல. என்ட ஊட்டுக் கத.”

எங்கோ ஒருவர் சிரித்தது ஸ்பீக்கரில் கேட்டது.

“அந்த ஊடு என்ட மனிசிட காக்கா அரசியலுக்கு வாறத்துக்கு முன்ன, சவூதியில வெயிலுக்க நிண்டு உழைச்சிக் கட்டினது.”

இன்னும் பலர் சிரித்தார்கள். அடக்கிச் சிரிக்கிற சத்தம்தான், ஆனால் ஒரு பள்ளி நிறைய.

“அல்லாஹ்ட பள்ளிக்குள்ள நிண்டு சொல்றன். நான் பகிடி உடல்ல.”

அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சிரிப்பு. மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு “சரி” என்றார். டக்கென்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் நின்றது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதரை ஊர் பார்த்துச் சிரித்த நாள் அது ஒன்றுதான். அதுவரை அவரோடு சேர்ந்துதான் சிரித்திருக்கிறது. ராத்தா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து பாயில் இருந்தார்.

“ஊரச் சிரிக்கப் பழக்கினவர் அவர்தானே,” என்றார். “இப்ப ஆர நோகிற?” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

கேற் திறக்கிற சத்தம் கேட்டது. சேர் ஒருவராக வரவில்லை. எம்பி அவர் தோளில் கை போட்டபடி வந்தார். எம்பியும் அன்று அதே பள்ளியில் முன்வரிசையில் இருந்திருக்கிறார். வாகனமும் இல்லை, ஆட்களும் இல்லை. நான் குசினிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டேன்.

“சோத்தப் போடு புள்ள,” என்றார் தங்கச்சியிடம். “எலக்சன் முடியட்டும் எண்டு பாத்தன். பசி தாங்கேலா.”

ராத்தா சஹனை எடுத்தார். இருவரும் இருந்தார்கள். எம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், “இவ்வளவு காலமும் நீ எனக்கு ஏசினத்த ஊர் நம்பிச்சு மச்சான். இண்டைக்கி நல்லதா ஒண்டு சொன்ன, ஒருத்தனும் நம்பல்ல. நான் மட்டும்தான் நம்பின.”

சேர் சோற்றைத் தொடவில்லை.

“அந்த அறிவித்தல்ல ஒரு பிழ உட்டிரிக்காய்,” என்றார் எம்பி மறுபடியும். “பாக்குற நேரத்த அஸருக்குப் பின்ன எண்டு ஏன் போட்ட? காலமைக்கிப் போட்டிரிக்கணும். காலம வெயில் ஹோலுக்குள்ள உழணும் எண்டுதான் அந்தச் சன்னல கடல் பக்கத்துக்கு வெப்பிச்ச நான். அதப் பாக்காம ஊட்டப் பாத்து என்ன?”

“திருத்திடுவம்,” என்றார் சேர், மிகவும் மெதுவாக. அப்போதுதான் ராத்தா சிரித்தார். எம்பி சிரித்தார். சேர் மட்டும் சிரிக்கவில்லை, ஆனால் சோற்றில் கை வைத்தார்.

எம்பி அந்தத் தேர்தலில் தோற்றார். இந்தப் பகிடியால் தோற்றார் என்று சொல்கிறவர்கள் உண்டு, கல்லுகளால் தோற்றார் என்று நான் சொல்வேன். புது எம்பியும் வந்த வேகத்தில் கல் நடத் தொடங்கினார், கொட்டாவியும் தொடர்ந்து வந்தது. தோற்ற மச்சான் வெள்ளிக்கிழமைகளில் தவறாமல் சாப்பிட வந்தார். முன்பு நேரமில்லை என்று ஓடுகிறவர், அஸர்வரை இருந்து கொட்டாவிக்குச் செய்தியும் கொடுக்கத் தொடங்கினார். சில நல்ல செய்திகள் அவரிடமிருந்துதான் வந்தன என்பதை இனிச் சொன்னால் பரவாயில்லை.

இப்போது இருவரும் இல்லை. முதலில் எம்பி மவுத்தானார், அடுத்த நோன்புக்குள் சேர் போய்விட்டார். தேர்தல் வந்தால் பிள்ளைகள் போனில் நூறு பகிடி அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றிலும் சிரிக்கிற மஞ்சள் முகம் வரிசையாக இருக்கிறது. எனக்கு அவர் இல்லாத தேர்தல் உப்பில்லாத நோன்புக் கஞ்சி மாதிரித்தான் இருக்கிறது.

இதை எழுதப் போகிறேன் என்று சொல்லத்தான் போன வெள்ளிக்கிழமை ராத்தாவிடம் போனேன். அந்தப் பகிடியைத் தடுத்தவர் அவர், அவரிடம் கேட்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை. ராத்தாவுக்கு இப்போது முழங்கால் நோவு, கதிரையில் இருந்தபடியே கேட்டார்.

“எழுது புள்ள. ரெண்டு பேரும் போயிட்டாங்க. இனி ஆருக்கு நோகும்,” என்றார். பிறகு, “ஆனா முடிச்ச கட்டடம் எண்டு எழுதாத. அது பிழ,” என்றார்.

“என்ன பிழ ராத்தா?”

“குசினிட பின்சுவர் இன்னும் பூசல்ல.”

நான் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“அந்தச் சுவர் மட்டும் மிச்சமெண்டு காக்கா கனகாலம் கழிச்சி வந்து பூசத் தொடங்கினதான். பாதியில இரிக்கக்குள்ள எலக்சன் கேக்க வந்திட்டாரு. மறுகா நான் கேக்கல்ல. முடிச்சிட்டன் எண்டு அவர் நெனச்சிக்கிட்டிருந்தாரு. நெனைக்கட்டும் எண்டு உட்டிட்டன்.”

“சேருக்குமா தெரியாது?”

“அவர் எப்ப குசினிக்குப் பின்னுக்கு வந்தவர்? ஊர் ஊராக் கல்லுப் பாத்துத் திரிஞ்ச மனிசன்.” ராத்தா முழங்காலைத் தடவிக்கொண்டார். “அண்டைக்கி அச்சகத்துக்கு வந்து நான் சொன்னதெல்லாம் மெய்தான். ஆனா ஆக்கள ஊடு பாக்க வரச் சொல்லி எழுதியிரிந்தாரே. வந்தவன் ஒருத்தன் பின்னுக்குப் போயிருந்தா காக்காட மானம் என்னாகிற? இவருட பகிடியும்தான் என்னாகிற?”

நான் எழும்பிக் குசினிக்குப் பின்னால் போனேன். சுவருக்கும் மதிலுக்கும் இடையில் ஒருவர் பக்கவாட்டில்தான் நுழையலாம். இடுப்பளவுக்குச் சீமெந்து பூசியிருந்தது. அதற்கு மேல் வெறும் செங்கல், பாசி பிடித்து. மேசன் கரண்டியை எடுத்த இடம் கோணலாக ஒரு கோடாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு தனியாக நின்று சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது, நிறுத்த முடியவில்லை.

“மெல்லச் சிரி புள்ள,” என்று ராத்தா உள்ளேயிருந்து கத்தினார். “ஊருக்குக் கேக்கப் போகுது.”